கயலின் கிராஃபில் ஓர் ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தால், மாடி வீட்டுக் கயல் — கையில் லேப்டாப், முகத்தில் கலவரம்.

"அண்ணாத்த, எங்க வூட்டு நெட்டு புட்டுக்கிச்சு. உன் வைஃபை குடு, சீக்கிரம்!"

கயல் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பெண். இங்கே படூரில் தங்கி பிஹெச்.டி. செய்கிறாள். நானோ எட்டாவதிலேயே பள்ளிக்கூடத்தோடு மனமொத்துப் பிரிந்தவன். இருந்தாலும் விடுவேனா?

"அப்டி இன்னாம்மா தலபோற ஆராய்ச்சி?"

அவள் சொன்னதில் என் மண்டைக்குள் போனது இவ்வளவுதான்... உப்பளத்து உப்பில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தேடுகிறாள். துணுக்கின் மேல் லேசர் அடித்தால், சிதறி வருகிற ஒளி கம்ப்யூட்டரில் மலை மலையாகக் கிராஃப் போடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மலைத்தொடர். அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். இதற்குப் பெயர் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி. இதை எழுத்துப்பிழை இல்லாமல் எழுத நான் பட்ட பாடு இந்தப் பத்திரிகை எடிட்டருக்குத் தெரியும்.

அவள் கிராஃபில் மலைகளுக்கு நடுவே ஊசி மாதிரி ஒரு கோடு. எந்தப் பிளாஸ்டிக்குக்கும் கிடையாதாம்.

"புதுசா ஒண்ணு சிக்கிக்கீதுன்னு கைடாண்ட சொல்லிட்டேன். நாளைக்கு கமிட்டி முன்னாடி காட்டணும். இப்ப பாத்தா பயமா கீது."

ஏன் பயம்? கிராஃபைச் சுத்தம் செய்ய அவள் வைத்திருப்பது ஓர் இலவச சாஃப்ட்வேர். எங்கோ குளிர் தேசத்தில் யாரோ ஒருத்தர் சும்மா எழுதிப் போட்டது. கூடவே பாடமும் எழுதியிருக்கிறார். 'ஊசிக் கோடு — ஜாக்கிரதை' என்கிற இடத்தில் நெட் போய்விட்டது!

என் வைஃபையில் மீதியைத் திறந்தாள். படித்துத் தமிழில் சொன்னாள். விண்வெளியிலிருந்து வரும் துகள் ஒன்று கருவியின் கேமராவில் மோதினாலும் இப்படித்தான் ஊசி வருமாம். அதே இடத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டுமாம். 'நான் பார்க்கவில்லை. பாதிக் கட்டுரை எழுதிய பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்' என்று அந்த மனுஷரே போட்டிருக்கிறார்.

கயல் மூன்று முறை அளந்திருந்தாள். சந்தோஷத்தில் முதலாவதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இரண்டாவதைத் திறந்தாள். ஊசி இல்லை. மூன்றாவது... அதிலும் இல்லை.

முகம் சுண்டிப்போனது.

"அந்த ரெண்டையும் அழிச்சிட்டு மொதலத மட்டும் காட்டேன். எவனுக்குத் தெரியப் போவுது?" என்றேன். கெட்ட ஐடியா கொடுக்கப் படிப்பு எதற்கு?

"சும்மா கெட அண்ணாத்த! இத்த நம்பி எவனாவது ரெண்டு வருசம் தேடிகினு கெடப்பான்."

உடனே அவள் ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கிற பேராசிரியருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸ்பீக்கரில் பெரிய சிரிப்பு.

"எனக்கும் வந்துச்சும்மா அந்த ஊசி. நான் கமிட்டி முன்னாடியே காட்டி என் மானத்த நானே வாங்கிக்கிட்டேன். நீ முன்னாடியே புடிச்சிட்ட. அத எடுத்துட்டு மிச்சத்த கொண்டா, போதும்."

ஒரே க்ளிக். ஊசி காணாமல் போனது. மலைகள் அப்படியே நின்றன.

அதோடு விட்டாளா? மூன்று கிராஃபையும், தான் ஏமாந்த கதையையும் அந்தப் பாடத்தோடு சேர்க்கச் சொல்லி அந்தக் குளிர் தேசத்து மனுஷருக்கே அனுப்பி வைத்தாள். அடுத்தவர் சறுக்கக் கூடாது என்று தன் சறுக்கலைத் தானே போர்டு எழுதி மாட்டுகிற கூட்டம்... நான் இதுவரை எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை, சார்.

நெகிழ்ந்துபோய், "என் தப்புங்களையும் அனுப்பட்டுமா?" என்றேன்.

"அம்மாம் எடம் அவர் சர்வர்ல கெடையாது அண்ணாத்த!"