வலது கைப் பழக்கம்

கணவனின் வேலையை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்த பெண்கள் அமெரிக்காவில் பர்மிட் இல்லாமல் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. பேஸ்பால் அம்மா வேலைக்கு மட்டும் யாரும் பர்மிட் கேட்பதில்லை. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் கம்பி வேலிக்குப் பின்னால் போய் உட்காரும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. நாங்கள் இருந்த பிஸ்கட்டவேயில் என் மகன் ஆதிக்கு அப்போது எட்டு வயது. ஜூனில் ஊர் டீமுக்குப் பன்னிரண்டு பையன்களைப் பொறுக்குவார்கள். அதில் ஒருவனாக வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவன் எங்களிடம் எதையுமே கேட்கவில்லை, பிறந்தநாளுக்குக்கூட.

குனிடா

அந்தப் பந்தால் தேங்காய் உடைக்கலாம். அதை ஒருவன் என் பிள்ளை நிற்கும் பக்கமாக வீசுகிறான், சுற்றியிருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். பந்து கிளம்பும்போதெல்லாம் நான் என்னை அறியாமல் "குனிடா" என்று கத்தினேன். ஆதி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. மூன்று பந்துக்கும் குனிந்து, மட்டையை வீசாமலே அவுட் ஆகி வந்தான்.

வார நாட்களில் பிளம்பர் வேலை பார்க்கும் கோச் டோனி, வேலியோரம் வந்து பொறுமையாகச் சொன்னார்: "மேடம், நல்ல ஆட்டக்காரன்னா பந்து வரும்போது கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும். வேணும்னா நீங்க மூடிக்கோங்க."

கான்வென்ட் கையெழுத்து

அம்மாக்களுக்கு டியூட்டி உண்டு. ஒருத்தி ஆரஞ்சு நறுக்குவாள், ஒருத்தி ஐஸ்பெட்டி கொண்டுவருவாள். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஸ்கோர் நோட்டை என் மடியில் வைத்தார்கள். பந்தை அடிக்க முடியாமல் மூன்று தடவை தவறவிட்டு அவுட் ஆனவன் பெயருக்கு நேரே 'கே' என்று ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். மதர் சுப்பீரியர் கற்றுக்கொடுத்த சுழியோடு, என் பிள்ளையின் வரிசையை நானே நிரப்பினேன்.

பக்கத்து நாற்காலி லிண்டா எட்டிப் பார்த்தாள்: "இவ்வளவு அழகான 'கே' நான் பார்த்ததே இல்லை, ஹனி. உனக்குத்தான் எவ்வளவு பிராக்டிஸ்."

மூன்று வயதில் செய்த திருத்தம்

மே மாதம் ஒரு பயிற்சியில், கிளவுஸ் நழுவி விழுந்த நேரத்தில், பந்து ஆதியின் காலடிக்கு உருண்டு வந்தது. எடுக்க அவன் இடது கை முன்னால் போனது. சுட்டது போல அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வலது கையால் எடுத்து எறிந்தான். அதற்குள் எதிரணியில் ஓடியவன், ஓட்டம் முடிகிற 'வீட்டை'ச் சேர்ந்துவிட்டான்.

"இவன் இடது கைக்காரனா?" என்று டோனி கேட்டார்.

"இல்லை, அதையெல்லாம் மூன்று வயதிலேயே மாற்றிவிட்டோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பீச்சாங்கையால் சாப்பிடுகிற பிள்ளையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் எப்படி உட்கார வைப்பது? சாப்பாட்டு வேளையில் அந்தக் கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டினேன். எனக்கு இதே பாடத்தை சிஸ்டர்கள் ஸ்கேலால் கற்றுக்கொடுத்தார்கள். நான் ஸ்கேல் எடுக்கவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

டோனி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மேடம், இங்கே அப்பனுங்க வலது கைப் பையனை இடது கைக்கு மாத்த உயிரை விடறானுங்க."

புது கிளவுஸ்

இடது கைக்காரர்கள் கிளவுஸை வலது கையில் மாட்ட வேண்டும். வாங்கி வந்தேன். "நான் அப்பவே விட்டுடுன்னு சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னதே இல்லை.

பார்க்கிங்கில் நின்று, "இனிமே லெஃப்ட்லயே போடுடா கண்ணா" என்றேன். ஆதி கிளவுஸை வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர் யூ ஷூர், அம்மா? யூ வோண்ட் பி ஆங்க்ரி?"

பட்டியல்

தேர்வு நாளில் இடது கையால் அவன் எறிந்த பந்தைப் பார்த்து மற்ற அப்பாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான்கூட ஒரு நிமிஷம் பயத்தை மறந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலியில் பட்டியல் ஒட்டினார்கள். ஆதி அதை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்துவிட்டுத் தானாகவே காரில் போய் உட்கார்ந்தான்.

டோனி என்னைத் தேடி வந்தார். "கை இருக்கு மேடம், இந்த ஊர்லயே நல்ல கை. ஆனா எறியறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உங்க முகத்தைத் தேடறான். அதுக்குள்ள ஆட்டம் போயிடுது."

நல்ல பேஸ்பால் ஆட்டக்காரனுக்குக் கண், கை, கால் எல்லாம் வேண்டும். பிள்ளையை இவ்வளவு நல்லபடியாக வளர்க்கிற அம்மா மட்டும் ஆகாது.