மோப்பச் சேவல்

கேஸ் கசிந்தால் எங்கள் வீட்டுச் சேவலுக்குத்தான் முதலில் வாடை தெரியும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், டிகிரி படித்தவன்தான். 2007 வாக்கில் குடிகாடு என்ற ஊரில் குடியிருந்தோம். சுற்றிலும் கெமிக்கல் கம்பெனிகள். காற்று திசை மாறினாலே சன்னல்களையெல்லாம் சாத்திவிடுவேன்.

ஒரு ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் சேவல் "க்ர்ர்ரா" என்று இழுத்துக் கத்தியது. அதுவரை கேட்காத குரல். எட்டிப் பார்த்தால் பெட்டைகளும் ஒன்பது குஞ்சுகளும் வாழையடியில் அசையாமல் கிடக்கின்றன. மயங்கிவிட்டன! ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பைக்கை உதைத்தேன்.

"கொழம்பு அடுப்புல இருக்குங்க" என்றாள் மனைவி.

"உசுரு இருந்தா வேற கொழம்பு வெச்சிக்கலாம். ஏறு!"

"கேஸு! ஓடுங்க!" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டே போனேன். எதிர்வீட்டுக்காரர் மூக்கை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பரை விரித்தார். நான் சிதம்பரத்தில், மனைவியின் தம்பி வீட்டில்தான் பைக்கை நிறுத்தினேன்.

மச்சானும் கோழி வளர்ப்பவன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, மேல பருந்து வட்டம் போட்டா சேவல் அப்படித்தான் இழுத்துக் கத்தும். பெட்டைங்க மூச்சு காட்டாம படுத்துக்கும். உங்க வீட்டுல கோழிங்களுக்கு இருக்கிற நிதானம் உங்களுக்கு இல்லியே!"

மறுநாளே தெரு ஆரம்பித்துவிட்டது. "சார், இன்னிக்கு சேவல் என்ன சொல்லுது?" ஊரையே கிண்டலடிக்கிற எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே சேவலைக் கூடையில் போட்டுச் சிதம்பரத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

"குஞ்சுங்களுக்கு யாருங்க காவல்?" என்று கேட்டாள் மனைவி.

"ஏன், நான் இல்ல?"

நான் இருந்தேன்தான். கையில் கொம்போடு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போன் மணி அடித்தால் உள்ளே போவேன். திரும்பினால் ஒன்று குறையும். இப்படி ஏழு குஞ்சு போயின.

கிறிஸ்துமஸுக்குச் சிதம்பரம் போனோம். அங்கே மச்சானின் பெரிய சேவல்தான் ராஜா. அது தின்று முடிக்கும்வரை நம்முடையது மதில் ஓரம் ஒதுங்கி நின்றது. எங்கள் வீட்டில் ஒரு புழு கிடைத்தாலும் "கொக் கொக்" என்று பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி நிற்கும். இங்கே யாரையும் கூப்பிடவில்லை. கழுத்தை நீட்டிக் கூவப் பார்த்தது. பெரியது திரும்பிப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டது. கொண்டையில் காய்ந்த ரத்தம்.

"எடுத்துட்டுப் போயிடுங்க மாமா. ரெண்டும் ஒத்துப்போகாது."

"அடுத்த தபா பார்க்கலாம்டா" என்றேன். எதிர்வீட்டுக்காரர் முகம்தான் கண்முன் நின்றது.

பொங்கல் கழிந்து கூடையோடு போனேன். பெரிய சேவல் கொத்திய புண் சீழ் வைத்து, எங்கள் சேவல் முந்தின வாரமே செத்துப்போயிருந்தது.