கிழக்கு பார்த்து இறங்கிய மேடை

நான் படுத்துத் தூங்கிய இடங்கள் பல. மரக்காணத்தில் உப்பளக் கொட்டகை, குண்டக்கல்லில் லாரி ஷெட், அரக்கோணத்தில் ஓர் ஓட்டலின் விறகுக் கிடங்கு. ஆறாம் வகுப்பை முடிக்காமல் ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். ஓர் இடத்தில் வேலை கைவந்ததும் அடுத்த ஊர் பஸ் எப்போது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். பசியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தால் சாப்பிட்டேன், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்தேன். ஆனால் வாழ்க்கையில் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். ஒரு பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கத்தில் மேடைக்காரனாக இருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், எண்பதுகளின் தொடக்கத்தில், சுற்றிலும் ஏரியும் வயலும்தான். அதற்கு நடுவே அந்த அரங்கத்தின் வளைந்த கூரை வல்லக்கோட்டை சாலையிலிருந்தே தெரியும். கூரைக்கு இரும்பு சுமக்கும் கூலியாகத்தான் அங்கே போனேன். கூரை முடிந்ததும் கூட வந்தவர்கள் அடுத்த வேலைக்குக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. தரை போடுவதைப் பார்த்துவிட்டேன். தேக்குப் பலகைகளை இடுக்குத் தெரியாமல் சேர்த்து, இழைத்து, மெருகேற்றி, மேலே வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு இழுத்தார்கள். இவ்வளவு நல்ல பலகையைக் காலால் மிதிக்கப்போகிறவர்கள் யார் என்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. அரங்கத்திலேயே எடுபிடி வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பந்தாட்டமும் கச்சேரியும் அந்த ஒரே தரையில் நடக்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கச்சேரி நாட்களில் மேடை போட்டு, முடிந்ததும் எடுப்பது என் பொறுப்பு. முதல் கச்சேரிக்கு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, மேலே பலகை அடுக்கி மேடை கட்டினோம். மறுநாள் பார்த்தால் தரை முழுக்க பூனை பிறாண்டியதுபோல் கீறல். விளையாட்டுத் துறைப் பொறுப்பாளரை எல்லோரும் பி.டி. சார் என்போம். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கீறலையும் விரலால் தடவிப் பார்த்தார். இனி பாட்டெல்லாம் வெளியே பந்தலில்தான் என்று அன்றே முடிவு சொல்லிவிட்டார். உள்ளே மேடை இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை.

இசை மன்றத்துப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே அலைந்து இன்னொரு வாய்ப்பு வாங்கினார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதி ஆட்டம் நடக்கும் நாள். ஆட்டம் முடிந்த கையோடு, அதே கூட்டத்துக்கு மெல்லிசைக் கச்சேரி.

பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். "ஒரு கோடு விழக்கூடாது. விழுந்துச்சுன்னா பாட்டும் வெளிய, நீயும் வெளிய."

"விழாது சார்."

"எப்படிய்யா விழாது? மேடை என்ன பறந்தா வரும்?"

"ஆமா சார்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வல்லக்கோட்டையில் உற்சவத்தின்போது முருகன் பல்லக்கு போவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சந்து திரும்புவார்கள். சாமி மேலிருக்கும் பூ ஆடாது. மேடையை வெளியே மரத்தடியில் முழுசாகக் கட்டி, அடியில் தண்டு கொடுத்து, அவர்கள் தோளில் உள்ளே கொண்டுவந்து இறக்கிவிட்டால் தரையில் எதையும் இழுக்கவே வேண்டாம். பல்லக்கின் முன்தண்டு தூக்குகிறவரிடம் போய்ச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும். வரப்பில் நின்று நாற்று முடிகளை வயலுக்குள் வீசிக்கொண்டே கேட்டார்.

"சாமியே இல்லாத பல்லக்கா? யோவ் ஊர்சுத்தி, இன்னாய்யா வேல இது?"

"பாட்டுக்காரங்க குந்துற மேடைணா."

"தூக்கியாந்து வச்சிட்டு வெளிய போவச் சொல்வாங்களா, உள்ள குந்தி பாட்டு கேக்க வுடுவாங்களா?"

"வுடுவாங்க. நான் சொல்றேன்."

"நீ சொன்னா கேக்கறதுக்கு நீ இன்னா துணைவேந்தரா?" என்று சிரித்தார். ஆனால் வருவதாகச் சொன்னார்.

அன்றைக்கு ஆட்டம் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரம் போய், கச்சேரி தொடங்கவேண்டிய நேரத்தை நெருங்கிவிட்டது. கோப்பை கொடுத்தாயிற்று. மேற்கு, வடக்கு, தெற்கு என்று மூன்று பக்கப் படிக்கட்டுகளிலும் கூட்டம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. கிழக்குப் பக்கம் மட்டும் வெறும் சுவர்; அதன் நடுவில் பெரிய கதவு. அந்தக் கதவு வழியாக மேடை உள்ளே வந்து, சுவரை ஒட்டி, கூட்டத்தைப் பார்த்து இறங்கவேண்டும்.

கதவைத் திறந்தேன். இருபது பேர், வெறுங்கால், தலையில் துண்டு, தோளில் தண்டு. மேடையின் முகப்பில் ஜரிகைத் துணி தொங்கியது. முன்தண்டுக்காரர் பழக்கதோஷத்தில் "அரோகரா!" என்று குரல் கொடுத்தார். மூன்று பக்கமும் பிள்ளைகள் "அரோகரா!" என்று திருப்பிக் கத்தினார்கள். கூரை அதிர்ந்தது. பி.டி. சார் மட்டும் குனிந்து அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வரும்போது முகப்பு மேற்கே, கூட்டத்தைப் பார்த்துத்தான் இருந்தது. அப்படியே இறக்கினால் போதும். அவர்கள் இறக்கவில்லை. சொல்லி வைத்ததுபோல் இருபது பேரும் சுழன்றார்கள். மேடை அழகாக அரைவட்டம் அடித்தது. முனையில் சாக்கு சுற்றிய கவைக்கோல்களை ஊன்றி, தண்டுகளை அவற்றில் தாங்கி, மெதுவாக இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மேடை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கூட்டத்துக்குத் தெரிந்தது அதன் முதுகுப் பலகை.

படிக்கட்டுகளில் சிரிப்பு வெடித்தது.

"ஏம்பா, பாடறவங்க சுவத்தைப் பாத்தா பாடுவாங்க?" என்றார் பி.டி. சார்.

"சாமி கெழக்கு பாத்துதானே சார் எறங்கும்?" என்றார் முன்தண்டுக்காரர். அவருக்கு என்ன தப்பு நடந்தது என்றே விளங்கவில்லை.

பின்தண்டில் ஒருவன் இருந்தான். கிறிஸ்தவன், மாதா சப்பரமும் தூக்குவான், கூப்பிட்டால் முருகனையும் தூக்குவான். "நான் சுத்தும்போதே நெனச்சேன்" என்றான் அவன். "மாதாவ நாங்க ஜனத்தப் பாத்துதான் எறக்குவோம்."

"நெனச்சா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா?" என்றார் முன்தண்டுக்காரர்.

"உங்க சாமி, உங்க வழக்கம். நான் எதுக்குக் குறுக்க வரணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியக்காரர்கள் கதவுக்கு வெளியே பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். எடுபிடிப் பையன்கள் இரண்டு பேர் மேடையின் மூலையைப் பிடித்துத் தள்ளித் திருப்பப் போனார்கள். "கை வைக்காதே!" என்று கத்தினேன். ஒரு தள்ளு போதும், நான்கு கால்களும் தரையை உழுதுவிடும். மறுபடி தோளுக்கு ஏற்றியாக வேண்டும். சுவரை ஒட்டி இறக்கியிருந்ததால் அந்தப் பக்கம் ஒற்றை வரிசை நிற்கத்தான் இடம்; அங்கேயே சுழற்ற முடியாது.

முன்தண்டுக்காரரிடம் போய், "ணா, இந்த ஒரு தடவ மேற்கு பாத்து எறக்கணும்" என்றேன்.

அவர் மூன்று பக்கப் படிக்கட்டுகளையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். "சரி வுடு. இங்க ஜனம் எந்தப் பக்கம் குந்திக்கினு கீதோ அதான் கெழக்கு. ஏய், தோளு!"

ஏறியது. முதலில் சுவரைவிட்டு முன்னால் நகர்ந்தார்கள். பிறகு சுற்றத் தொடங்கினார்கள். உள்பக்கம் இருந்தவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளிப்பக்கம் இருந்தவர்கள் நீளமாக எட்டு வைத்தார்கள். படியில் யாரோ ஒருவன் அந்த எட்டுக்குக் கைதட்டினான். அடுத்த எட்டுக்குப் பத்துப் பேர். அப்புறம் அரங்கமே தட்டியது. சற்று முன்பு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்த இரண்டு அணிப் பிள்ளைகளும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தத் தாளத்தில் மேடை திரும்பி, கூட்டத்துக்கு முகம் காட்டி, சத்தமில்லாமல் இறங்கியது. அன்று கோப்பை வென்ற அணிக்குக் கிடைத்ததைவிட அதிகக் கைதட்டல் இவர்களுக்குத்தான். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று வைத்துக்கொண்டேன்.

தூக்கியவர்கள் கதவோரம் ஒதுங்கி நிற்க, பி.டி. சார் முட்டி போட்டார். மேடை வந்த வழி முழுக்க, சுற்றிய வட்டம் முழுக்க, உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தார். அரங்கம் அமைதியாகிவிட்டது. இதே தரையை மறுபடி நான் பார்ப்பேனா என்பது அந்தக் கையில் இருந்தது.

எழுந்தார். கையைப் பார்த்தார். "வேர்வைதான்யா கீது" என்றார். அவர் எங்கள் பேச்சில் பேசியதை அன்றுதான் கேட்டேன். பிறகு என்னிடம், "துடைச்சிட்டு அவங்கள உள்ள வரச் சொல்லு" என்றார்.

"யார சார், வாத்தியக்காரங்களையா?"

"அவங்க தானா வருவாங்க. தூக்கினவங்க ஏன் கதவாண்ட நிக்கிறாங்க? முன்படியில உக்காரச் சொல்லு."

தேக்குத் தரையிலிருந்த வேர்வைச் சொட்டுகளை நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது முதல் பாட்டு தொடங்கியது.