காப்பு கட்டிய ஊரில் நின்ற சப்பரம்

1961 மே 23, செவ்வாய்க்கிழமை. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள கரட்டுப்பட்டியில் அன்று மாலை ரோசம்மாள் மூன்று கேள்விகள் கேட்டார். நான்காவதாக ஒன்றையும் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் அவருடைய குடும்பம் ஒரு வாரத்துக்கு மேல் அந்த ஊரைவிட்டு ஒரேயடியாகக் கிளம்ப முடியவில்லை. மூத்த மகளின் படிப்பும் கைநழுவிப் போகப் பார்த்தது.

ரோசம்மாளுக்கு வயது முப்பத்தெட்டு. ஊர் அரியமங்கலம். கணவர் அருள்நாதன் அங்கே ஒரு தகரக் கொட்டகையில் பஸ்களுக்குப் பாடி கட்டுகிறவர். மூத்தவள் செல்வமேரி எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்திருந்தாள். இளையவள் ஜெயசீலிக்கு ஏழு வயது. இந்த நால்வருக்கும் இரண்டு வீடுகள். ஒன்று தெருவில் இருக்கிறது. மற்றொன்றுக்கு நான்கு சக்கரம்.

யுத்த காலத்து ராணுவ லாரி அது. ராணுவம் கழித்த வண்டிகளை ஏலம் விட்ட டிஸ்போசலில் எடுத்த ஆள், பாடி கட்டக் கொண்டுவந்து விட்டவர், திரும்பி வரவேயில்லை. ஓர் ஆண்டு காத்திருந்து, ஆளைத் தேடிப் பிடித்துப் பேசி, அருள்நாதன் அதைத் தனக்கே வைத்துக்கொண்டார். வேலை இல்லாத நாட்களில் அதன்மேல் ஒரு வீடு கட்டினார். ரயிலில் இருப்பதுபோல் மேலும் கீழுமாகப் படுக்கைப் பலகைகள். மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் சாப்பாட்டுப் பலகை. ஸ்டவ் வைக்கத் தகரம் அடித்த மூலை. கூரையில் தண்ணீர் டிரம், அதிலிருந்து உள்ளே ஒரு குழாய். ஜன்னலுக்குத் திரை தைத்தது ரோசம்மாள்.

பதிவு செய்யப் போனபோது மோட்டார் இன்ஸ்பெக்டர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"இது பஸ்ஸா, லாரியா?"

"வீடுங்க" என்றார் அருள்நாதன்.

"வீட்டுக்கு நம்பர் முனிசிபாலிட்டியில கொடுப்பாங்க. இங்க எதுக்கு வந்தே?"

ஒருவழியாக நம்பர் கிடைத்தது. ஆனால் அரியமங்கலத்தில் யாரும் அதை வீடு என்றும் சொல்லவில்லை, வண்டி என்றும் சொல்லவில்லை. "சப்பரம்" என்றார்கள். மாதா கோயில் திருவிழாவில் மாதாவின் சுரூபத்தை வைத்து இழுக்கும் சப்பரம் போலவே இதுவும் மெதுவாகப் போகும். கூட நடந்து வருகிறவர்கள் முந்திவிடலாம்.

முதல் ராத்திரி வெளியே தங்கியது ஸ்ரீரங்கத்தில். தீபாவளி விடுமுறை, ஐப்பசி மாதம், காவிரியில் நல்ல தண்ணீர். படித்துறைப் பக்கம் காற்று நன்றாக வருகிறதென்று வழியிலேயே நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனார்கள். விடிந்தபோது ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு ஒரு தும்பிக்கை உள்ளே வந்தது. கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கப் போகிற யானை. ஆணியில் மாட்டியிருந்த வாழைப்பழச் சீப்பு போயிற்று. யானைக்குப் பின்னால் வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"நன்னாருக்கு ஓய். பெருமாள் தீர்த்தத்துக்குப் போற வழியில ஜன்னலும் திரையுமா ஆத்தைக் கட்டி வச்சிருக்கீரே! யானைக்கு உம்மாத்துலயே பலகாரம் ஆயிடுத்து. இனி அது நாளைக்கும் இங்கதான் நிக்கும்."

அருள்நாதன் வெட்கத்தோடு வண்டியை எடுத்தார். இஞ்சின் போட்ட சத்தத்தில் யானை மிரளவில்லை, பெரியவர்தான் மிரண்டார்.

அதற்கு அடுத்த பயணத்தில் முசிறிப் பக்கம் ஒரு நெற்களத்தில் நிறுத்தினார்கள். விடியும்போது கதிர்க்கட்டுச் சுமைகளோடு ஆட்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு ஊரில் ரோசம்மாள் பாத்திரம் கழுவிய குளம், ஊரார் குடிக்கத் தண்ணீர் எடுக்கிற குளம். மூன்று ஊரில் வாங்கிய திட்டிலிருந்து அவர் மூன்று கேள்விகளைச் செய்துகொண்டார். எந்த ஊரானாலும் சரி, வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அவர்தான். அருகிலிருக்கும் வீட்டுக்குப் போய், "இது யார் இடங்க? குடிக்கிற தண்ணி எங்க எடுக்கிறீங்க? காலையில இந்த வழியா யார் போவாங்க?" என்று கேட்பார். பதில் வரும்வரை அருள்நாதன் இஞ்சினை அணைக்கக் கூடாது. கிளம்பும்போது அடுப்புச் சாம்பலைக் குழி தோண்டிப் புதைத்து, நின்ற இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் ஏறுவார்.

"தங்கினதுக்கு அடையாளமா டயர் தடம் மட்டும் இருந்தாப் போதும்" என்பார். அருள்நாதன், "அதையும் கூட்டிடுவா, விட்டா" என்பார்.

கரட்டுப்பட்டியில் ரோசம்மாள் கேள்வி கேட்டது ராக்கம்மாளிடம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் வீடு; மரவள்ளியும் சோளமும் போடுகிற குடும்பம்; கணவர் காலமாகிவிட்டார். மூன்று கேள்விக்கும் ராக்கம்மாள் தாராளமாகப் பதில் சொன்னார். புளியமரத்தடி தன்னுடையதுதான், தண்ணீர் கிணற்றில் இருக்கிறது, காலையில் ஆடுகள் மட்டும் போகும்.

"தாராளமா நிறுத்திக்க தாயி. ராட்டினத்தை எங்க வச்சிருக்கீங்க?"

"எந்த ராட்டினம்?"

"சுத்துற ராட்டினம். நீங்க திருவிழாவுக்கு ராட்டினம் போடுறவங்க இல்ல?"

ரோசம்மாள் சிரித்துவிட்டு, நாங்கள் சும்மா ஊர் பார்க்கிறவர்கள் என்றார். என்ன திருவிழா, எப்போது என்று கேட்கவில்லை. அருள்நாதனோ, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் படுக்கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "இதுதாங்க எங்க வீடு. சக்கரம் வச்ச வீடு."

அன்று முன்னிரவில் மேளம் கேட்டது. மாரியம்மன் கோயிலில் பூசாரி மூக்கன், மஞ்சள் துணியில் காப்பு கட்டிக்கொண்டார். மறுநாள் காலை சாம்பலைப் புதைத்து, இடத்தைப் பெருக்கி, இஞ்சினைப் போட்டபோது மூக்கன் நாலைந்து பேரோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க? காப்பு கட்டியாச்சுங்க. கட்டின ராத்திரி எல்லைக்குள்ள படுத்தவங்க, தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் வேற ஊருல ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணா போங்க. பொழுது விழுந்தா இங்க இருக்கணும்."

"தேர் எப்ப?"

"அடுத்த புதன்."

செல்வமேரியின் முகம் வெளுத்தது. மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. கன்னியர் நடத்தும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. போகாவிட்டால் இந்த ஆண்டு இடம் இல்லை. இன்று வீடு போய்ச் சேர்ந்து, குளித்து, தலைபின்னி, நாளைக் காலையில் நடந்தே போய்விடலாம் என்றுதான் திட்டம்.

அருள்நாதன் வாதாடிப் பார்த்தார். "நாங்க உங்க மண்ணுல படுக்கலீங்களே. மூணடி ஒசரத்துல, பலகையிலதானே படுத்தோம்?"

"அப்ப கட்டில்ல படுக்கிறவன் யாரும் ஊருல படுக்கலைன்னு சொல்றீங்களா?"

"வண்டியில படுத்தா அது வழிப்போக்குங்க."

"நேத்து சாயங்காலம் வீடு வீடுன்னு ஊருக்கே காட்டினது யாருங்க?" என்றார் மூக்கன். கூட்டம் சிரித்தது. "வீடுன்னா வீடுதான். வீடு எல்லைக்குள்ள இருந்துச்சு. நீங்களும் இருந்தீங்க."

கூட்டத்திலிருந்து இன்னொருவர், "ராக்கம்மாளைக் கேளுங்க. அதுதானே இடம் கொடுத்துச்சு. மழை தப்பினாலோ, குழந்தைக்கு அம்மை போட்டாலோ அது பதில் சொல்லட்டும்" என்றார். ராக்கம்மாள் திரும்பிக்கொண்டார். புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோசம்மாள் அதைக் கவனித்தார். இஞ்சினை அணைக்கச் சொன்னார். "நாளைக்குப் பகல்ல போயிட்டு, பொழுது விழறதுக்குள்ள வந்துடுறோங்க" என்றார்.

"வருவீங்களா?"

"வரேன்னு சொன்னேனே."

மூக்கன் வண்டிக்கு முன்னாலிருந்து விலகினார். "அப்படியே வரும்போது ஸ்ரீரங்கத்துல அம்மனுக்கு நாலு கூடை பூ வாங்கியாந்துடுங்க."

வியாழக்கிழமை கோழி கூவுவதற்கு முன்பே கிளம்பினார்கள். துறையூர், மண்ணச்சநல்லூர், கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம். பத்து மணிக்குச் செல்வமேரி பள்ளியின் வராந்தாவில் இருந்தாள். ஆனால் அங்கே அவளுக்கு முன்னால் பெரிய வரிசை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் கூப்பிட்டார்கள். தலைமைக் கன்னியர் வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: விடுமுறையில் என்ன செய்தாய்?

செல்வமேரி யானையிலிருந்து ஆரம்பித்துக் காப்பு வரைக்கும் சொன்னாள். மேஜைக்குப் பின்னால் இருந்த மூவரும் சிரித்தார்கள்.

"இப்ப திரும்பிப் போகப் போறீங்களா?"

"அம்மா போவாங்க, சிஸ்டர்."

"நீ?"

"அம்மா போனா வீடும் போயிடும், சிஸ்டர். நான் மட்டும் தனியா எங்க படுக்கிறது?"

"அப்புறம் ஏன் இன்னும் உக்காந்திருக்கே? ஓடு, ஓடு" என்றார் தலைமைக் கன்னியர்.

வெளியே வந்தால் அருள்நாதன் மனம் மாறியிருந்தார். ஸ்டீரிங்கில் கைவைத்தபடி, "ரோசு, அரியமங்கலம் இதோ இருக்கு. போய் ஒரு குளியல் போட்டுட்டுப் படுத்தா யாரு கேக்கப் போறா? அது என்ன நம்ம சாமியா?" என்றார்.

"சாமி அவங்களோடதுதான். வரேன்னு சொன்னது நானு. அந்த ராக்கம்மாக்கா புளியமரத்தைப் பாத்துக்கிட்டு நின்னுச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப எடுங்க வண்டிய. பூ வேற வாங்கணும்."

ஸ்ரீரங்கத்தில் பூ வாங்குவதற்குள் நேரமாகிவிட்டது. மல்லிகையும் அரளியும் நான்கு கூடை ஏற்றினார்கள். கூடைகள் கீழ்ப் பலகையை அடைத்துக்கொண்டதால் ஜெயசீலி மேல் படுக்கைக்குப் போய்விட்டாள். கொள்ளிடம் பாலத்தில் வைக்கோல் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதையும் முந்த முடியவில்லை. துறையூர் தாண்டும்போது சூரியன் மேற்கே தெரிந்த மலைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது.

கரட்டுப்பட்டியில் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். ராக்கம்மாள் மத்தியானத்திலிருந்தே அங்கே நின்றாராம்.

"ஒன் ராட்டினக்காரங்க வந்துட்டாங்களா, ராக்கு?" என்று ஒருவர் கிண்டல் செய்தார்.

"ராட்டினக்காரங்க இல்ல. சாம்பலைக்கூடப் புதைச்சுட்டுப் போறவங்க. வருவாங்க."

வந்தார்கள். ஆனால் கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில் வண்டியின் மூக்கிலிருந்து குபுகுபுவென ஆவி கிளம்பியது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கூரை டிரம்மைத் திறந்தால் அங்கேயும் இல்லை. பூ வாடாமலிருக்க ஜெயசீலி வழியெல்லாம் தெளித்துத் தீர்த்திருந்தாள். சூரியன் மலை முகட்டைத் தொட்டுவிட்டது; தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாலும் இஞ்சின் ஆறுவதற்குள் பொழுது விழுந்துவிடும்.

மூக்கன் நிலைமையைப் பார்த்தார். "பரவாயில்லைங்க. பூக்கூடையை எடுத்துக்கிட்டு நீங்க உள்ள வாங்க. ராக்கம்மா வீட்டுல படுத்துக்கங்க. வண்டி கிடக்கட்டும், காலையில பாத்துக்கலாம்."

ராக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது எப்படி பூசாரி? நேத்து அதை வீடுன்னு தீர்ப்பு சொன்னது யாரு? வீட்டை எல்லைக்கு வெளியில போட்டுட்டு ஆளு மட்டும் உள்ள வரலாமா? வீடுன்னா வீடுதான். இழுங்க!"

யாரோ தேர் வடத்தை எடுக்க ஓடினார்கள். மூக்கன் அதட்டி நிறுத்தினார். "அதைத் தொடாதீங்கடா. அது ஆத்தாளுக்கு. கவலைக் கயிறு கொண்டாங்க." கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற தடித்த கயிறுகள் வந்தன. அருள்நாதன் அவற்றை முன் பம்பரில் கட்டிவிட்டு ஸ்டீரிங்குக்கு ஏறினார். பின்னால் தள்ள ஒரு கூட்டம், முன்னால் இழுக்க ஒரு கூட்டம். மேளக்காரர் தானாகவே அடிக்க ஆரம்பித்தார். நாலு கூடைப் பூ மணக்க, திரை போட்ட ஜன்னலில் ஜெயசீலி கையசைக்க, வண்டி எல்லைக் கல்லைத் தாண்டியது. அரியமங்கலத்துக்காரர் யாராவது அதைப் பார்த்திருந்தால், வைத்த பெயர் வீண்போகவில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

"கொஞ்சம் வேகமா இழுத்தா நல்லா இருக்கும்" என்றார் அருள்நாதன், உள்ளேயிருந்து.

"இஞ்சின்லயே இந்த வேகம்தானே போவீங்க!" என்று ரோசம்மாள் தள்ளிக்கொண்டே சொன்னார்.

புளியமரத்தடியில் வண்டி நின்றபோது மலைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. மழை தப்பினால் யார் பதில் சொல்வது என்று அதன்பிறகு யாரும் பேசவில்லை. தேர்வரை இருந்த நாட்களில் ரோசம்மாள் தினமும் மாலையில் வண்டிக்குள் ஜெபமாலை சொன்னார். ராக்கம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து முடியும்வரை காத்திருந்து, பிறகு சோளக்களி கொடுத்தார். தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை சாம்பலைப் புதைத்து, பெருக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

இப்போது ரோசம்மாளிடம் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்காவது, "இன்னிக்கு ராத்திரி ஊருல காப்பு கட்டுறாங்களா?"

செல்வமேரிக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஜூலை மூன்றாம் தேதி திங்கட்கிழமை சேர்கிறாள். வழியனுப்ப ராக்கம்மாள் முதல் நாளே பஸ்ஸில் வருகிறார். அன்று ராத்திரி அவர் படுக்கப்போவது கொட்டகையில் நிற்கும் வண்டியில், கீழ்ப் பலகையில்.