வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தேன்

போன வியாழன் மதியம். கல்யாண ஆர்டருக்குத் தால்சாவை, பிரியாணிக்கு ஊற்றும் பருப்புக் குழம்பை, அடுப்பில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால், என் மகள் நஸீமா கம்ப்யூட்டர் முன்னால் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் அவள் மேனேஜர்.

"யாரும்மா வேணும்னே கெடுப்பா? அந்த டெஸ்ட்டை எடுத்துடுங்க. நாளைக்கு ரிலீஸ்."

அப்படி என்ன டெஸ்ட்? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கம்ப்யூட்டர் ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கே திரும்பி வரவேண்டும் என்று குறித்து வைக்குமாம். குறிப்புக்கு மேல் குறிப்பு... அந்த அடுக்குதான் கால் ஸ்டாக். டெஸ்ட்டுக்காக நடுவில் ஒரு குறிப்பை இவள் வேண்டுமென்றே கெடுத்துவிடுவாள். புரோகிராமை ஓட்டுகிற ரன்டைம் 'வழி தெரியவில்லை' என்று நிற்கவேண்டும். நிற்கவில்லை. எங்கோ போய் எதையோ செய்துவிட்டு, எல்லாம் சரி என்றதாம்.

"சரின்னுட்டுப் போயேன்டி. இந்த மாசந்தானே உன்னைய நிரந்தரமாக்குறாங்க?"

"பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடச் சொல்றியாம்மா?"

சுருக்கென்றது. எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன்.

உப்புப் போட்ட சட்டியின் மூடிமேல் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு இரண்டு சட்டி; ஒன்றுக்குத்தான் உப்புப் போட்டிருந்தேன். பழத்தை எடுத்து, உப்புப் போடாத சட்டிமேல் வைத்தேன். இருபது வருஷமாக என்னோடு சமைக்கிற சுபைதா வந்தாள். பழமில்லாத சட்டியைப் பார்த்தாள், உப்பை அள்ளிப் போட்டாள். ருசி பார்த்தாளா? இல்லை.

"எல்லாம் சரியா சுபைதா?"

"சரிதேன்க்கா. எறக்கிரலாம்."

ஒரு சட்டி வாயில் வைக்க முடியாத உப்பு. இன்னொன்று சப்பென்று இருந்தது.

"நாந்தேன் மாத்தி வச்சேன்" என்றேன்.

"ஏங்க்கா, வேற சோலி இல்லியா? அம்புட்டுப் பருப்பும் போச்சே. எவ இப்பிடி மாத்தி வைப்பா?"

"பழம் கை தட்டிக் கீழ விழுந்தா, எடுத்து வைக்கிறவ எந்தச் சட்டின்னு கண்டா?"

சுபைதா புதுசாகப் பருப்பை அளக்கப் போனாள்.

திரும்பி வந்தால் மறுபடி அதே மேனேஜர், ஸ்பீக்கரில். குனிந்து சொன்னேன்: "தம்பி, நஸீமா அம்மா பேசுறேன். யாரு கெடுப்பான்னு நம்பித்தேன் என் சட்டி இப்ப உப்பாப் போச்சு. டெஸ்ட் இருக்கட்டும்."

நஸீமா தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"சார், டெஸ்ட் இருக்கும். ரிசல்ட் ஃபெயில்னே அனுப்புறேன்."

அனுப்பியும் விட்டாள்.

ரிலீஸ் தள்ளிப்போயிருக்கிறது. நிரந்தர வேலைக்கான கடிதம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன? பொய்க்குக் கையெழுத்துப் போடாத பெண்ணுக்குச் சோறு போட என் அடுப்பில் நெருப்பு இருக்கிறது.