ஏற்றமில்லாத இடத்திலும் படபடப்பு

கழுத்துக் கழலைக்கு நல்லது என்கிற அயோடின் என் இதயத்தை எப்படித் தடுமாற வைத்தது? டாக்டர் விளக்கியும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மலைமேல் நாயுடுபுரத்தில் குடியிருக்கிறோம். என் கழுத்தில் சிறிய கழலை உண்டு. கடலோரத்திலிருந்து வந்த நாத்தனார், "கடல்பாசி மாத்திரை அண்ணி, அயோடின் சத்து. மலையில இருக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லதுங்க" என்று ஒரு புட்டி கொடுத்தாள். யாரையும் கேட்காமல் தினமும் சாப்பிட்டேன். உடம்பு மெலிந்தது, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. "ஏத்தத்துல நடந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் கணவர். நானும் நம்பினேன்.

ஒரு மத்தியானம், மடியிலிருந்த நாலு வயது மகள் என் நெஞ்சில் காதை வைத்தாள். "அம்மா, உள்ள யாரோ ஓடுறாங்க. நிக்கிறாங்க. மறுபடி வெரசா ஓடுறாங்க!" என்று சிரித்தாள். உட்கார்ந்திருக்கும்போது ஏது ஏற்றம்? அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கழலையையும் நாடியையும் சோதித்து, மாத்திரைப் புட்டியையும் வாங்கிப் பார்த்த டாக்டர், "துடிப்பு தாளம் தப்புது. அயோடின் கூடிப்போய் தைராய்டு அதிகமா வேலை செய்யுது. கழலையை வச்சுக்கிட்டு, கேட்காம அயோடின் சாப்பிடலாமாம்மா?" என்று கடிந்துகொண்டு, மாத்திரையை நிறுத்தி மருந்து கொடுத்தார். இப்போது தேறி வருகிறேன். வெறும் சத்து மாத்திரையானாலும் அவரிடம் காட்டாமல் தொடுவதில்லை.

ஆனால் மகளின் கழுத்தும் லேசாகத் தடித்திருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. டாக்டரோ அப்படி எதுவும் இல்லை என்கிறார். கழலையுள்ள தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை நீங்கள் எப்படிக் கவனித்து வருகிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.