ஆறுதல் சொல்லப் போன வேன்

சபை வேன் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் பிடிப்பது ஒரு வேலை. பின் சீட்டுப் பேச்சு காதில் விழாத மாதிரி இருப்பது அதைவிடப் பெரிய வேலை. ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஓட்டாதவர்கள் ஒரு ஞாயிறு லாபுவிலிருந்து போர்டிக்சன் சபை வரை ஓட்டிப் பாருங்கள்.

யார் முறை?

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சலோமி இருக்கிறாள். சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். புருஷன் தங்கையா ஒரு காலையில் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்ததோடு அவள் சபைக்கு வருவதும் நின்றுபோனது. வாரா வாரம் சிலர் போய் அவளை உற்சாகப்படுத்த வேண்டும் என்று பாஸ்டர் முறை வைத்துக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வேனில் ஏறினால் ஒரே பேச்சு. போன வாரம் நாங்கள் போனோமே, இந்த வாரம் அவர்கள் போகட்டுமே. ஒரு தரம், தோட்டத்து மண் ரோட்டில் வேன் திரும்பும்போதே செயலாளர் டேவிட் என் தோளைத் தட்டினார். "அங்கிள், ஜெபத்தைச் சட்டுன்னு முடிச்சிடுவோம். திரும்புறப்ப பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல கொஞ்சம் நிறுத்துங்கலா."

டீ

உள்ளே நடப்பது எனக்கு வாசலிலிருந்தே தெரியும். ஒரு வசனம், ஒரு ஜெபம், வாட்ஸ்அப்புக்கு ஒரு படம். ஜெபத்தில் நாலைந்து பேர் அழுவார்கள். அழுகிறவர்கள் முதுகைத் தடவிக் கொடுப்பது யார்? சலோமிதான். டீ போடுவதும் அவள், கப் கழுவுவதும் அவள்.

எனக்கும் ஒரு கப் வேனுக்கே கொண்டுவந்தாள். "எப்படிம்மா இருக்க?" என்றேன். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியாது.

"நான் எங்கண்ணே இருக்கேன்? இவங்களைத் தேத்தி அனுப்பவே பொழுது சரியா இருக்கு."

முறை இல்லாதவள்

அதே சபையில் பாடுகிற எஸ்தருக்கும் சலோமிக்கும் ஆகாது. யார் பாட்டு எடுப்பது என்று கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் சண்டை. ஒரு சனிக்கிழமை கொட்டுகிற மழை. முறைக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. வண்டியை வீட்டுக்குத் திருப்பப் போனேன். எஸ்தர் குடையை மடக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். கையில் ஒரு பை நெத்திலி. உன் முறை இல்லையே என்றேன். சண்டை போட முறை எதற்கு என்றாள்.

நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். மழைக்கு நானும் உள்ளே ஒதுங்கினேன். வசனம் இல்லை, ஜெபம் இல்லை. இரண்டு பேரும் நெத்திலித் தலை கிள்ளினார்கள். "அவரு சட்டையெல்லாம் என்னடி செஞ்ச?" என்று கேட்டாள் எஸ்தர். அதுவரை அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. "துவைச்சுப் போட்டது. இன்னும் கொடியிலயே கிடக்கு, எடுக்க முடியல" என்றாள் சலோமி. உடனே எழுந்து டீத்தூள் டப்பாவைத் தேடினாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. டீ நான் போடுறேன். நீ அழு."

சிம்பாங்கில்

அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் ஞாயிறு, மண் ரோடு பெரிய ரோட்டில் சேரும் தோட்டத்துச் சிம்பாங்கில் சலோமி பைபிளோடு நின்றாள். வேன் கதவைத் திறந்தேன். படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஆம்பளைங்க பக்கம் அவரு இடம் காலியா இருக்கும்ணே. என்னால முடியல."

"விசுவாசத்தோட ஏறுங்க சிஸ்டர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டேவிட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்தர் இறங்கினாள். "ஆராதனையை விட்டுட்டா?" என்று டேவிட் பதறினார்.

எஸ்தர் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். "நீங்க போய் எங்களுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்க."

காலி இடம்

இப்படியே சில ஞாயிறு போயிற்று. எஸ்தர் இறங்குவாள், நாங்கள் போவோம்; ஆராதனை முடிந்து வந்து அவள் கிளம்பும்வரை நான் சிம்பாங்கில் காத்திருப்பேன். ஒரு ஞாயிறு இரண்டு பேரும் ஏறினார்கள். வழியெல்லாம் வாக்குவாதம். சபைக்குள் நுழைந்ததும் ஆண்கள் பக்கம் போய், தங்கையா உட்காரும் இடத்தில் சலோமி உட்கார்ந்தாள். பக்கத்தில் எஸ்தர். பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எஸ்தர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எஸ்தரைக் கூப்பிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சந்திப்புக் குழுவுக்கு இனி நீங்களே தலைவி என்றார்.

"அதை வேலையாக் குடுக்காதீங்க பாஸ்டர். கமிட்டிக்காகத்தான் வர்றேன்னு அவ கதவைச் சாத்திடுவா."

இத்தனை வருஷம் ஓட்டியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கடமைக்குப் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வேனுக்குத் திரும்பிவிடுவார்கள், அன்பாகப் போகிறவளுக்குத்தான் டிரைவர் காத்துக் கிடக்க வேண்டும்.